ஓதற்பிரிவு: கடல் கடந்து படிக்கப் போவோரின் ஊர் நினைப்பு

உயர்கல்விக்காக வெளிநாடு சென்ற மாணவருக்கு முதல் சில மாதங்களில் உண்டாகும் மனத்துன்பத்தைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகவே எடுத்துக்கொள்கின்றன: வீட்டு நினைப்புத்தானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று தள்ளிவிடுவது ஒன்று, இத்தனை இலட்சம் செலவழித்து அனுப்பியும் பிள்ளைக்கு மனத்திடம் போதவில்லையே என்று குறைபட்டுக்கொள்வது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் உண்மையே இல்லை. ஊர் நினைப்பு எதனால் வருகிறது, எப்போது தானாகத் தணிகிறது, எப்போது தணியாமல் நோயாக முற்றுகிறது என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளோடு, கடல் கடந்து படிக்கப் போன தமிழர் ஒருவரின் நன்கு பதிவான வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஏக்கத்தைவிட அதை வாய்விட்டுச் சொல்லாமல் மறைப்பதே மாணவரை மிகுதியாக வருத்துகிறது என்பது தெளிவாகும்.

படிப்புக்காகப் பிரிவது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை வகுக்கும்போது பகை, தூது, பொருள் ஆகியவற்றோடு ஓதலையும் ஒன்றாக வைக்கிறது. கற்பியலோ இன்னும் ஒரு படி மேலே போய், கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என்று கால வரையறையும் செய்கிறது. இன்று வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பும் அதையடுத்து வேலை தேடும் காலமும் சேர்ந்து ஏறத்தாழ அதே மூன்று ஆண்டில் வந்து நிற்பது தற்செயலான பொருத்தம்தான். ஆயினும் ஓதற்பிரிவை வகுத்துச் சொன்ன அந்த மரபு பிரிவின் வலியைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவரின் குரலிலேயே பாடியது. இடைவழியில் நின்று தன் நெஞ்சோடு பேசும் தலைவன் பாலைப் பாடல்களில் உண்டென்றாலும், அவன் பெரும்பாலும் பொருள் தேடிப் போகிறவனே தவிர ஏடு தூக்கிப் போகிறவன் அல்லன். படிக்கப் போனவரின் தனிமை அதிகம் பேசப்படாத பொருளாகவே இருந்துவிட்டது.

மருத்துவ உலகம் இதனை ஒரு நோயாகப் பெயரிட்டுப் பதிவு செய்தது 1688ஆம் ஆண்டில். சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற யோஹான்னெஸ் ஹோஃபர் என்னும் பத்தொன்பது வயது மருத்துவ மாணவர், 'வீட்டு வலி' என்ற பொருளில் ஜெர்மன் மொழி பேசும் மக்களிடையே வழங்கிவந்த 'ஹைம்வே' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று தம் ஆய்வேட்டில் பெயர் சூட்டினார். பழைய திரைப்பாடல்களைக் கேட்டு நெகிழ்வதற்கு இன்று வழங்கும் அந்தச் சொல் பிறந்தது ஒரு நோயின் பெயராகத்தான். பிற்காலத்தில் அந்நோய் அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களோடு சேர்த்தே பேசப்பட்டாலும், ஹோஃபர் விவரித்த நோயாளிகளுள் ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞர். காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கண்டு பிழைப்பது அரிது என்ற நிலைக்கு வந்துவிட்ட அவரை ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யத் தொடங்கியதுமே அவர் தேறத் தொடங்கினார்; பெர்ன் போய்ச் சேர்வதற்குள் குணமும் அடைந்தார். பாசெலுக்கும் பெர்னுக்கும் இடையிலுள்ள தொலைவு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ளதைவிடக் குறைவு. இரு நகரங்களிலும் பேசப்படுவது ஜெர்மன்தான். ஊர் நினைப்பைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது என்பதை அந்த முதல் மருத்துவப் பதிவே காட்டிவிட்டது.

மூளையின் நார்களில் தாய்நாட்டைப் பற்றிய பதிவுகள் தங்கியிருக்கும் இடத்தில் உயிராவிகள் ஓயாமல் அதிர்வதால் இந்நோய் வருகிறது என்று ஹோஃபர் கருதினார். இன்றைய உளவியலில் உயிராவிகளுக்கு இடமில்லை. அவர் கண்ட அந்த ஓயாமை மட்டும் அப்படியே நிலைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 1980களில் விடுதி மாணவர்களையும் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர்களையும் ஆராய்ந்த ஷர்லி ஃபிஷர், ஊர் நினைப்பின் மையக்கூறு அழுகையோ பசியின்மையோ அன்று, வீட்டைப் பற்றிய எண்ணம் அழையாமலே வந்து புகுந்து கவனத்தைப் பறித்துக்கொள்வதே என்று விளக்கினார். அந்நிலையில் இருந்த மாணவர்களிடம் கவனப் பிசகுகளும் மிகுதியாகக் காணப்பட்டன. அறைச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவது, ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் மனத்தில் பதியாதது ஆகியவையெல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. ஊரில் முதல் மாணவராக இருந்த ஒருவருக்கு இங்கே படிப்பு ஏறவில்லை என்றால் அறிவு மழுங்கிவிட்டதாகப் பொருளில்லை. கவனத்தின் ஒரு பங்கு ஊரிலேயே நின்றுவிட்டது என்பதே பொருள்.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு நிலைகளுக்கு வழங்கிவருவதால் குழப்பம் நேர்கிறது. ஒருவர் தம்மிடம் உள்ள வசதியும் திறமையும் போதாத அளவுக்குச் சூழ்நிலை தம்மைக் கோருகிறது என்று உணரும்போது தோன்றும் இறுக்கமே மன அழுத்தம். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஏறத்தாழ இதே விளக்கத்தைத் தந்தனர். எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் நீடிக்கும் தாழ்வுநிலை மனச்சோர்வு. அது மருத்துவம் வேண்டும் நோய். ஊர் நினைப்பு இவ்விரண்டில் எதுவுமன்று. அது ஓர் இழப்பின் துயரம். ஆயினும் அழுத்தத்தோடு கைகோத்து நெடுநாள் நீடித்தால் மனச்சோர்வில் கொண்டுபோய் விடக்கூடியது.

இழப்பு என்றால் எதன் இழப்பு? தாய் தந்தையரின் முகம் என்பது உடனே தோன்றும் விடை. மானிடவியலாளர் கலேர்வோ ஓபர்க் வேறொரு விடை சொன்னார். 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற தொடரைப் பரவச் செய்தவர் அவரே. 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றி, 1960இல் கட்டுரையாக வெளிவந்த உரையில், அன்றாட வாழ்க்கையை நடத்திச் செல்ல உதவும் ஆயிரக்கணக்கான சிறு குறிப்புகளை ஒரே நாளில் இழந்துவிடுவதே அந்த அதிர்ச்சிக்குக் காரணம் என்று அவர் விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, யாருக்கு எவ்வளவு இனாம் கொடுப்பது, ஒருவர் சொன்னதை மெய்யாகக் கொள்வதா விளையாட்டாகக் கொள்வதா என்பன போன்றவை அவை. சொந்த ஊரில் இவற்றை யாரும் சிந்திப்பதே இல்லை. பேருந்து நடத்துநரிடம் சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாய்த் தாளை எந்த முகபாவத்தோடு நீட்ட வேண்டும் என்பதை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அவருக்கு அது தெரியும். அயல்நாட்டில் இப்படித் தெரிந்தவையெல்லாம் செல்லாக் காசாகிவிட, ஒவ்வொரு சிறு செயலுக்கும் மூளை உழைக்க வேண்டியிருக்கிறது. மாலையில் வரும் காரணமறியாக் களைப்பு அந்த உழைப்பின் கூலி.

ஓபர்க் இந்நிலையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: எல்லாமே அழகாகத் தெரியும் தேனிலவுக் கட்டம், எல்லாமே எரிச்சலூட்டும் நெருக்கடி, மெல்லத் தேறுதல், ஒத்துப்போதல். அமெரிக்காவில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தங்கியிருந்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், 1955இல் இதையே மேலிருந்து கீழிறங்கி மீண்டும் மேலேறும் ஒரு வளைகோடாக வரைந்தார். வெளிநாடு செல்வோருக்கான கையேடுகளில் இந்த வளைகோடு இன்றுவரை தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த காலீன் வார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் தேனிலவே காணப்படவில்லை. வந்து இறங்கிய தொடக்கத்திலேதான் துன்பம் உச்சத்தில் இருந்தது, பிறகு நாளாக நாளாகக் குறைந்தது. எனவே, முதல் வாரமே அழுகை வந்துவிட்டதென்று கையேட்டைப் பார்த்துக் கலங்கும் மாணவர் தம்மைக் குறைசொல்லிக்கொள்ளத் தேவையில்லை. கையேட்டைத்தான் குறைசொல்ல வேண்டும்.

சீனிவாச இராமானுஜனின் இங்கிலாந்து வாழ்க்கை கணித வரலாற்றின் பகுதியாகவே படிக்கப்படுகிறது. அதே வாழ்க்கையை ஓதற்பிரிவின் வரலாறாகவும் படிக்க முடியும். அப்படிப் படிக்கும்போது பெருஞ்செய்திகளைவிடச் சிறுசெய்திகளே அதிகம் பேசுகின்றன. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது 26. கடல் கடப்பதற்கு இருந்த சமயத் தடையைத் தாண்டி, குடுமியை எடுத்து, மேற்கத்திய உடைக்கும் முள்கரண்டிக்கும் நண்பர்களிடம் பழகிக்கொண்டு அவர் புறப்பட்டார். ஏப்ரல் 14 அன்று இலண்டன் சேர்ந்த அவரைக் கேம்பிரிட்ஜில் முதலில் தம் இல்லத்திலேயே தங்கவைத்துக்கொண்ட கணிதவியலாளர் நெவில், இருபத்தாறு ஆண்டுகளாக வெறுங்காலோடும் செருப்போடும் விரிந்து பழகிய பாதங்களைச் சப்பாத்து வாட்டியதைக் கவனித்துப் பின்னாளில் குறித்திருக்கிறார். வசந்தமும் கோடையுமாக இருந்த அந்த முதல் மாதங்கள் நல்லபடியே கழிந்தன. ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. கணிதவியலாளர் லிட்டில்வுட் போன்றோர் போர்ப்பணிக்குச் சென்றுவிட, கேம்பிரிட்ஜ் வெறிச்சோடியது. பின்னாலேயே குளிரும் வந்து சேர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தையெனப் போற்றப்பட்ட மகலனோபிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்; அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் மாணவர். இராமானுஜனின் அறைக்குச் சென்றவர் அவர் கணப்புக்கு மிக அருகில் ஒடுங்கி அமர்ந்திருப்பதைக் கண்டு, இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்டார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சால்வையும் போர்த்திப் படுத்தும் குளிர்கிறது என்பது பதிலாக வந்தது. மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி அவற்றை மெத்தையின் ஓரங்களில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். விரிப்பை விலக்கிக் கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே இத்தனை நாளும் படுத்திருக்கிறார். பாயும் போர்வையுமாக வளர்ந்த ஒருவருக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. கேட்டால் நொடியில் தீரக்கூடிய அந்தத் துன்பத்தை யாரிடமும் கேட்காமல் எத்தனை இரவுகள் சுமந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மகலனோபிஸ் விரிப்பை விலக்கிக் காட்டினார். அத்தோடு அந்தக் குறை தீர்ந்தது.

மற்றக் குறைகளை விலக்கிக் காட்ட ஆள் இல்லை. கல்லூரி உணவுக்கூடத்தில் காய்கறியையும் விலங்குக் கொழுப்பில் சமைத்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் அவர் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். வேலையில் ஆழ்ந்துவிட்டால் வேளை தவறும், சில நாள்களில் ஒரே வேளைதான். கூடத்தில் உண்ணாதவருக்குக் கூடத்துப் பேச்சும் இல்லாமற் போயிற்று. உணவு போனதோடு உறவும் போனது. ஒருமுறை நண்பர்களை அழைத்து ரசம் பரிமாறியபோது, மூன்றாம் முறை விருந்தினர்கள் போதும் என்று சொல்லிவிட, அவர் சொல்லாமலே வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டு சென்று நான்கு நாள் கழித்தே திரும்பினார். சிறு மறுப்பு இவ்வளவு பெரிதாகத் தைத்தது, தனித்திருப்பவரின் மனத்தோல் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்பதைக் காட்டும். ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. வீட்டில் தாய்க்கும் மனைவிக்கும் இடையே இருந்த பிணக்கில் மனைவி ஜானகியின் கடிதங்களும் அவர் கைக்கு ஒழுங்காகச் சேரவில்லை. 1917இல் நோய் கண்டது. காசநோயாளிகளுக்குத் திறந்தவெளிக் காற்றே மருந்தென்று நம்பிய காலமாதலால் மருத்துவ இல்லத்தில் கணப்பும் மறுக்கப்பட்டது. குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதால் தாளும் பேனாவுமாக அங்கே போய்க் கணக்குப் போடப் போவதாக, தம்மைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதினார். 1918இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் அரசக் கழகத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை, வெற்றி வந்தால் மனம் தேறிவிடும் என்று நம்புவோர் நினைவில் வைக்க வேண்டும்.

நாள்தோறும் அவரைச் சந்தித்த ஹார்டி, இராமானுஜன் இளமையில் எந்தெந்த நூல்களைப் படித்தார் என்பதைக்கூடக் கேட்டுவைக்கவில்லையே என்று பின்னாளில் வருந்தி எழுதினார். படித்த கணித நூல்களைப் பற்றியே கேட்காதவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றி எவ்வளவு கேட்டிருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அன்பில் குறையில்லை, ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை.

நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்தபின் கப்பல் விமானமாகவும் கடிதம் வாட்ஸ்அப்பாகவும் மாறிவிட்டன, கம்பளிதான் மாறவில்லை. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் தமிழகத்துப் பொறியியல் பட்டதாரிகள் பலர் அந்நாட்டை நாடுகின்றனர். கட்டணம் இல்லையே தவிரச் செலவு உண்டு: 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோவைக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. மாதம் 992 யூரோ. அதற்குள் அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதாவது, புதிதாக வந்த மாணவர் துணையின்றி இருக்கும் அதே வாரங்களில் பகல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகிறது; சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்க, பெர்லினில் டிசம்பர் இறுதியில் அது ஏழே முக்கால் மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஒளி குறையும்போது மனமும் தாழும் நிலைக்குப் 'பருவகால மனச்சோர்வு' என்று பெயர். அதை 1984இல் வரையறுத்தவர்களில் முதன்மையானவரான நார்மன் ரோசன்தால், தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்கு மருத்துவப் பயிற்சிக்குச் சென்று, அங்கே குளிர்காலத்தில் தமக்கே ஊக்கம் குன்றுவதைக் கவனித்தவர். வெயிலில் பிறந்து வளர்ந்தவரின் கண்ணுக்கே அது முதலில் பட்டது பொருத்தமானதுதான்.

விடுதி அறையில் ரேடியேட்டர் என்னும் சூடாக்கி இருக்கிறது. அதன் ஓரத்திலுள்ள திருகில் 1 முதல் 5 வரை எண்கள் பொறித்திருக்கின்றன. 3இல் வைத்தால் அறை ஏறத்தாழ 20 டிகிரியில் நிற்கும் என்பதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. மின்விசிறியின் வேகத்தைப் போல அதை நினைத்து 5இல் வைத்துவிட்டு வேர்ப்பவரும் உண்டு. கட்டணம் ஏறிவிடுமோ என்று அஞ்சித் தொடாமலே இரண்டு ஸ்வெட்டரோடு உறங்குபவரும் உண்டு. பொதுச் சமையலறையில் கடுகு வெடிக்கும் புகைக்கே கூரையிலுள்ள எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கி, மாடி முழுவதும் கதவுகள் திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்பது அரிசி தீர்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிகிறது. தேர்விலும் இப்படியே. அரியர் வைத்து அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று பழகியவருக்கு, பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத இயலாது, மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டியிருக்கும் என்ற செய்தி இடியாக விழுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் கடன் கிடக்கிறது. இந்திய வங்கிகளில் ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை தேவை. பல வீடுகளில் அது குடியிருக்கும் வீட்டின் பத்திரமே. படிப்பில் ஒரு தாள் தவறினால் வீட்டுப் பத்திரம் கண்முன் நிற்கும்போது, அந்த மாணவரிடம் மனத்திடத்தைப் பற்றிப் பேசுவது அறமாகாது.

இவ்வளவும் ஒவ்வோர் இரவும் வீட்டோடு நடக்கும் அழைப்பில் வெளிவந்திருக்க வேண்டும். வெளிவருவதில்லை. ஜெர்மனியில் குளிர்காலத்தில் மாலை ஆறரை மணி என்பது தமிழ்நாட்டில் இரவு பதினொரு மணி. தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கும் தாய் 'சாப்பிட்டியா?' என்கிறார், 'சாப்பிட்டேம்மா' என்று பதில் வருகிறது. 'குளிருதா?' 'பரவால்லம்மா, பழகிடுச்சு.' தந்தை ஒரு நிமிடம் பேசிவிட்டு வட்டிக் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பித் தருகிறார். பிள்ளை கலங்கக் கூடாதென்று தாத்தாவின் மருத்துவமனைச் செய்தியை வீட்டார் மறைக்கிறார்கள். பெற்றோர் கலங்கக் கூடாதென்று காலையிலிருந்து பட்டினி என்பதைப் பிள்ளை மறைக்கிறார். முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபின் மறைப்பதற்கு விளக்கொளியையும் கேமராவின் கோணத்தையும் சரிசெய்யும் வேலை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. தமிழ்க் குடும்பத்தில் 'சாப்பிட்டியா' என்பது அன்பின் முழு அகராதி என்பது உண்மைதான். ஆனால் 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடக்கூடிய கேள்வி அது. இன்று என்ன சமைத்தாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், இந்த வாரம் எது புரியவில்லை என்று கேட்டால் அப்படி மூட முடியாது. வேலையில்லாத நேரமெல்லாம் வீட்டோடு அழைப்பில் இருப்பதும் உதவாது; உடல் ஒரு நாட்டிலும் மனம் ஒரு நாட்டிலுமாக இருக்கும் நிலை அதனால் நீளுமே தவிரத் தீராது. நாளும் நேரமும் குறித்துக்கொண்டு, குறைவாக, ஆனால் ஒளிவு மறைவின்றிப் பேசுவதே இரு பக்கத்துக்கும் நல்லது.

சமாளிக்கும் வழிகள் என்று வரும்போது லாசரஸும் ஃபோக்மனும் செய்த ஒரு பாகுபாடு பயன்படும். துன்பத்தின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒரு வழி. காரணத்தை மாற்ற இயலாதபோது அது எழுப்பும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றொரு வழி. ரேடியேட்டர் முதல் வகை: பக்கத்து அறைக்காரரிடம் கேட்டால் தீர்ந்தது. பொங்கலன்று வீட்டில் இல்லாதது இரண்டாம் வகை: அதை மாற்ற முடியாது, நாலு பேரைச் சேர்த்துக் குக்கரிலேனும் பொங்கல் வைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இவற்றை மாற்றிவைப்பதில் இருக்கிறது. கேட்டுத் தீர்க்க வேண்டியதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், பொறுத்து ஆற்ற வேண்டியதை எண்ணி எண்ணிப் போராடுகிறார்கள். கேட்பதற்குக் கூச்சம் தடை என்றால், புதிதாக வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் அறிமுக வாரம் அதற்கென்றே உள்ளது. எல்லாருமே ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கும் அந்த வாரத்தில் எந்தக் கேள்வியும் அசட்டுத்தனமாகப் படுவதில்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்பதுதான் கடினம்.

நட்பைப் பற்றிச் சமூக உளவியலாளர் ஸ்டீஃபன் போக்னர் 1970களில் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர்களிடையே செய்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அயல்நாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் உண்டு என்றும், அவை வெவ்வேறு பணி செய்கின்றன என்றும் அவர் கண்டார். சொந்த நாட்டவரின் வட்டம் மொழியையும் மன ஆறுதலையும் தருகிறது. அந்நாட்டவரின் வட்டம் படிப்புக்கும் அலுவலகக் காரியங்களுக்கும் உதவுகிறது. பிற நாடுகளிலிருந்து வந்த மாணவர்களின் வட்டம் பொழுதுபோக்குக்குத் துணையாகிறது. தமிழ்ப் பையன்களோடு மட்டும் சுற்றினால் மொழி வராது என்று எச்சரிப்பவரும், வெள்ளைக்காரர்களோடு ஒட்டவே முடியாது என்று கைவிடுபவரும் ஒரு வட்டத்தின் வேலையை இன்னொன்றிடம் கேட்கிறார்கள். ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் சனிக்கிழமை இரவு பிரியாணியும் ரஜினி படமுமாகக் கழிவதில் தவறொன்றும் இல்லை. வாரத்தின் ஏழு இரவும் அப்படியே கழிந்தால்தான் வழக்கு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஆறு பேரின் வீட்டிலும் ஒருவர் தனியே வாடுவது உண்டு. கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் நலமாக இருக்கிறார் என்று கொள்வதற்கில்லை.

உடம்பைச் சார்ந்தவை எளியவை, எளியவை என்பதாலேயே கைவிடப்படுபவை. குளிர்காலத்தில் நண்பகலில் அரைமணி நேரமேனும் வெளியே நடப்பது, மேகமூட்டமாக இருந்தாலும், அறைக்குள் எத்தனை விளக்குகள் எரிந்தாலும் கிட்டாத ஒளியைத் தருகிறது. இரவு வேலைக்குப் போகும் மாணவர் பகல் முழுவதும் திரைச்சீலையை மூடி உறங்கினால் வாரக்கணக்கில் சூரியனைக் காணாமலே இருந்துவிட நேரும். கிடங்கு வேலையில் நேரத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் பகல் முறையையே கேட்டுப் பெறுவது நல்லது. சமையல் தெரிந்து போவதும் ஒரு காப்பு. ரசமும் ஒரு பொரியலும் வைக்கத் தெரிந்தவருக்கு ஒரு நாளில் அரைமணி நேரமாவது கையும் மூக்கும் நாக்கும் ஊரில் இருக்கின்றன. அந்த அரைமணி நேரத்து ஊர் நினைப்பு வருத்துவதில்லை.

இவற்றால் தணியாத நிலையும் உண்டு. தாழ்வுற்ற மனமும், எதிலும் ஈடுபாடின்மையும், உறக்கக் கேடும் நாள்தோறும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஊர் நினைப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொண்டு மருத்துவ உதவியை நாட வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் இரண்டு நாளும் பொறுக்கக் கூடாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசனை இலவசம். அங்கே பேசியது பேராசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை, விசாவையும் அது பாதிப்பதில்லை. பிரிட்டனுக்குச் செல்லும் மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் செலுத்திவிட்டே செல்கிறார். குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்துகொள்ளாதவர் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். படிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைத்து ஊர் திரும்புவதும் சிலருக்குச் சரியான மருத்துவமே, பெர்ன் நகர இளைஞருக்கு ஆனதைப் போல. விடுப்புப் பருவம் எடுக்கப் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. விசா விதிகளை மட்டும் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். திரும்பி வந்த பிள்ளையை 'ஏன் வந்தாய்' என்று தெருவார் கேட்பார்கள் என்ற அச்சத்தில் அங்கேயே இருக்கச் சொல்லும் வீடுகள் தெருவார் எத்தனை நாள் அதைப் பேசுவார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

நள்ளிரவில் ஆலோசகர் கிடைக்கமாட்டார், தொலைபேசி கிடைக்கும். பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14, ஜெர்மனியில் 0800 111 0 111 ஆகிய எண்களில் எந்நேரமும் ஒருவர் பேசக் காத்திருக்கிறார். பிள்ளையை அனுப்பிவிட்டு உறங்க முடியாமல் கிடக்கும் பெற்றோருக்கு இந்தியாவில் டெலி-மனஸ் சேவையின் 14416 உண்டு. அதில் தமிழிலேயே பேசலாம். பெட்டியின் எடை 23 கிலோவைத் தாண்டாமல் ஊறுகாய்ப் பாட்டிலை எடுப்பதா வைப்பதா என்று பார்க்கும் அந்தக் கடைசி இரவில், போகும் நாட்டின் எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் ஏற்றிவைத்துவிட வேண்டும். அதற்கு எடை கிடையாது.